பாலிஷ் போட்டால் போச்சு! பழைய வாட்ச் விளிம்பின் மதிப்பு தெரியுமா?

பாலிஷ் போடப் போட வாட்ச் தேயும், தெரியுமா? ஆமாம், தேயும்! பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தைச் சீவி எடுக்கிறது! சந்தேகமா? சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். பாலிஷ் போடும் பஃப் மோட்டாரைச் சுற்றி விழும் தூளைக்கூட கூட்டி எடுத்து உருக்குவார்கள். அதில் வெள்ளி இருக்கிறதே! அப்பாவின் வாட்ச்சை பஃப்பில் பிடிக்கும்போதும் இப்படித்தான் வாட்ச்சின் வெளிக்கூடான கேஸ் தூளாகப் பறக்கிறது!

முதலில் காணாமல் போவது எது தெரியுமா? விளிம்பு! பஃப்பின் துணிச் சக்கரம் மெத்தென்று இருக்கும். சமதளத்தில் படிந்து போகும். ஓரம் வந்ததும் இரண்டு பக்கமும் வழிந்து மடங்கும். எனவே ஓரம்தான் வேகமாகத் தேய்கிறது. கத்தி மாதிரி நின்ற கோடு இரண்டு மூன்று பாலிஷில் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று ஆகிவிடும்!

உங்கள் வீட்டு வாட்ச் பிழைத்திருக்கிறதா? ஒரு டியூப்லைட் போதும், கண்டுபிடித்துவிடலாம்! ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் நான்கு கால்களை கடையில் லக் என்பார்கள். வாட்ச்சை விளக்குக்கு அடியில் மெல்லச் சாயுங்கள். தட்டையான லக்கில் விளக்கின் பிம்பம் நேர்கோடாக ஓடி, ஓரத்தில் சட்டென்று அறுந்தால் விளிம்பு பிழைத்திருக்கிறது. கோடு வளைந்து, ஓரத்தில் வழிந்தால் பஃப் பட்டிருக்கிறது! நான்கு லக்கும் ஒரே பருமனா? லக்கில் துளை இருந்தால் அதன் வாய் அகன்றிருக்கிறதா? பின்மூடி எழுத்து நகத்தில் தட்டுகிறதா? அதையும் பாருங்கள்!

இனி சொல்வதுதான் பெரிய ஆச்சரியம்! வாட்ச்சிலும் பாலிஷிலும் இருக்கும் பொருள்கள் நம் பக்கத்து மண்ணிலேயே கிடக்கின்றன! சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்று நிமிர்ந்தால் சேர்வராயன் மலை. அந்த மலையில் பாக்சைட் இருக்கிறது. மேட்டூர் மால்கோ ஆலை அலுமினியம் எடுத்தது ஏற்காட்டு பாக்சைட்டிலிருந்தும்தான். பாக்சைட்டைச் சுத்திகரித்தால் என்ன வரும்? அலுமினா! பாலிஷ் போடும் வெள்ளைப் பொடியும் அதுதான்!

நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்குப் போனால் இன்னும் அதிசயம். அங்கே பூமியில் குருந்தக்கல் இருக்கிறது. ‘17 ஜுவல்’ என்று டயலில் போட்டிருக்கிறார்களே, அந்தச் செயற்கை மாணிக்கமும், விலை உயர்ந்த வாட்ச்சின் சஃபையர் கண்ணாடியும் குருந்தம் என்ற அதே கனிமம்தான்! கடினத்தில் 9, வைரம் மட்டும்தான் 10! குரோமைட்டும் அங்கே உண்டு. குரோமியம் இல்லாமல் எவர்சில்வர் இல்லை, குரோம் பூச்சு இல்லை, பச்சை பாலிஷ் கட்டியும் இல்லை! 

குரோம் என்றதும் ஒரு எச்சரிக்கை! அந்தக் காலத்தில் விலை குறைந்த வாட்ச்கள் பலவற்றுக்குப் பித்தளைக் கேஸ்; மேலே நிக்கல், அதற்கும் மேலே குரோம். அலங்காரக் குரோம் பூச்சு பொதுவாக 1 மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான்! அதில் பஃப் வைத்தால்? மூலையில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்க்கும்!

ரோட்டுப் புழுதியே எஃகைக் கீறும், தெரியுமா? மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. எவர்சில்வர் அதற்குக் கீழே! இந்தக் கீறலை ஒழிக்கத்தான் 1962-ல் ராடோ நிறுவனம், டயாஸ்டார் வாட்ச்சைக் கடின உலோகத்தில் செய்தது. 1931-ல் வந்த ரிவெர்சோ வாட்ச் இன்னும் வேடிக்கை! இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையக்கூடாது என்று, முகத்தையே திருப்பிக்கொள்ளும் கேஸ்!

ஜப்பானியர் விளிம்புக்காகவே ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். சுழலும் வெள்ளீயத் தட்டின் தட்டையான முகத்தில் கேஸை அழுத்திப் பிடிப்பார்கள். துணி மாதிரி மடங்காது என்பதால் ஓரம் மழுங்காது! பெயர் ஸராட்சு. 1967-ல் வந்த கிராண்ட் செய்கோ 44ஜிஎஸ் வாட்ச் கேஸின் கூர்மைக்குப் பின்னால் இருப்பது இந்த வித்தைதான்.

வெறும் எவர்சில்வர் வாட்ச் எவ்வளவுக்குப் போகும்? படேக் பிலிப் 1518 மாடலில் எஃகுக் கேஸ் கொண்டவை உலகத்தில் 4 மட்டுமே தெரிய வந்துள்ளன. அதில் ஒன்று 2016-ல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்க்! நம் பணத்தில் அன்றைக்கே 70 கோடிக்கு மேல்! இந்த உயரத்தில் வாங்குகிறவர்கள் லக்கின் பருமனையும் ஓரத்தின் கூர்மையையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

தேய்ந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? லேசர் வெல்டிங்கில் அதே உலோகத்தை ஏற்றி மறுபடி செதுக்குகிறார்கள். அருமையான கைவேலைதான்! ஆனால் அது ஆலையில் பிறந்த விளிம்பு ஆகாது.

1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட, 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. பீரோவில் தாத்தாவின் ஹெச்.எம்.டி. ஜனதாவோ பைலட்டோ கிடக்கிறதா? சர்வீஸுக்குக் கொடுங்கள், ஆயில் போடச் சொல்லுங்கள், கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள். “கேஸுக்கு பாலிஷ் வேண்டாம்” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்!