கயிறு மடியும், ஜீன் அடங்கும்

மனிதரின் பெருங்குடலில் வாழும் எஷ்ரிகியா கோலி என்னும் பாக்டீரியா மிகுந்த சிக்கனமுடையது. அராபினோஸ் என்னும் சர்க்கரை கிட்டாத வேளையில், அச்சர்க்கரையைச் சிதைக்கும் என்ஸைம்களை அது வீணே உண்டாக்குவதில்லை. வேண்டாத ஜீன்களை அடக்கி வைப்பதே அதன் வழக்கம்.

இவ்வடக்குமுறைக்கு முதன்முதல் தெளிவான விளக்கம் அளித்தோர் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆவர். ஜீனின் தொடக்கத்தருகே ஓர் அடக்கும் பொருள் அமர்ந்து அதன் வேலையைத் தடுக்கிறது என்று 1961-இல் அவர்கள் கூறினர். ஆனால், அராபினோஸ் ஜீன்களை அடக்குவதற்கு வெகு தொலைவிலுள்ள ஓரிடமும் தேவைப்படுவது பின்னர் தெரியவந்தது. தொலைவில் அமர்ந்த புரதம் இங்குள்ள ஜீனை அடக்குவது எங்ஙனம்?

1984-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷ்லைஃபும் அவருடன் உழைத்தோரும் இதற்கு விடை கண்டனர். அவ்விரு இடங்களுக்கும் இடையே சுமார் 210 இணைகள் உள்ளன. அங்கே 5 இணைகளைப் புதிதாகச் சேர்த்தபோது அடக்கம் குலைந்தது. 11 இணைகளைச் சேர்த்தபோதோ அடக்கம் ஏறக்குறைய முன்போலவே நீடித்தது. டி.என்.ஏ. இழை சுமார் 10.5 இணைகளுக்கு ஒரு முறை முறுக்கிக்கொள்கிறது. ஆகவே 5 இணைகள் சேர்ந்தால் ஓரிடம் எதிர்ப்புறம் திரும்பிவிடும். 11 சேர்ந்தால் மீண்டும் பழைய புறத்திற்கே வந்துவிடும். டி.என்.ஏ. கண்ணிபோல் மடிந்து, இரு இடங்களையும் ஒரே புரதம் பற்றுகிறது என்பது இதனால் விளங்கிற்று. அராபினோஸ் வந்ததும் அப்புரதம் தொலைவிடத்தை விட்டு அருகிலுள்ள வேறோர் இடத்தைப் பற்றும், கண்ணி அவிழும். அடக்கிய புரதமே ஜீன்களை இயக்கவும் துணைபுரியும்.

பாற்சர்க்கரை ஜீன்களிலும் இத்தகைய கண்ணிகள் உண்டு. இவற்றை அடக்கும் புரதத்திற்கு முதன்மையான இடம் ஒன்றும் துணையிடங்கள் இரண்டும் உள்ளன. துணையிடங்களுள் ஒன்றை நீக்கினால் அடக்கும் ஆற்றல் இரண்டு மூன்று மடங்கே குறைகிறது. இரண்டையும் நீக்கினால் சுமார் 70 மடங்கு குறைகிறது. இது 1990-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவாகும். ஓர் உயிரணுவில் இப்புரத மூலக்கூறுகள் பத்து அளவிலேயே உள்ளன. கண்ணியானது புரதத்தை உரிய இடத்தருகே நிறுத்தி வைப்பதால், அச்சிறு தொகையே போதுமானதாகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். விறைப்பான இருபுரிக் கயிற்றின் ஒரே புறத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு மைப்புள்ளிகள் இடுக. கயிற்றை மடக்கினால் அவை ஒன்றையொன்று தொடும். பின்னர் ஒரு புள்ளியை மட்டும் அரைச் சுற்று தள்ளி இடுக. இப்போது கயிற்றை முறுக்கினாலன்றி அவை தொடமாட்டா. அம்முறுக்கலில் கை உணரும் எதிர்ப்பே, 5 இணைகள் சேர்ந்தபோது அடக்கம் குலைந்ததன் காரணத்தை மாணவர்க்கு உணர்த்தும்.