ஓடிப்போனாள் என்று சொல்வது யார்?

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட சில மாதங்களுக்குள் வடமாநிலப் பத்திரிகைகளில் ‘ஸ்கிடாடில்’ என்றொரு கொச்சை வினைச்சொல் புழங்கத் தொடங்கியது. பதறியடித்துக்கொண்டு ஓடுவது என்று அதற்குப் பொருள். களத்தை விட்டு ஓடிய தென்மாநிலப் படைவீரர்களைப் பற்றி எதிர்த்தரப்பார் எழுதிய சொல் அது; ஓடியவர்கள் தங்கள் ஓட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயரன்று. தப்பியோடுதலைக் குறிக்கும் சொல்லை எங்கே கேட்டாலும், ஓடியவரைப் பார்ப்பதற்கு முன் சொல்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். தமிழில் அந்த இடத்தை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கொச்சை என்று நாம் ஒதுக்கிவைக்கும் சொற்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

‘கம்பி நீட்டு’ என்பதைப் பிரித்துப் பார்ப்போம். பார்வைக்கு இது ‘கை நீட்டு’ போன்ற சாதாரணத் தொடர். ஆனால் ‘கம்பிகள் நீட்டினான்’ என்று பன்மையாக்கினாலோ, ‘நீளமான கம்பி நீட்டினான்’ என்று அடைமொழி சேர்த்தாலோ ஓட்டம் மறைந்து வெறும் இரும்புதான் மிஞ்சும். இரண்டு சொல்லும் இறுகி ஒரே வினையாகிவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘டிமிக்கி கொடு’வும் அதே குடும்பம்தான், வேற்றுமை உருபு மட்டும் வேறு வேலை செய்கிறது. ‘கடன்காரனுக்கு டிமிக்கி கொடுத்தான்’ என்றால் ‘கு’ ஏமாந்தவரைச் சுட்டும். ‘பெங்களூருக்குக் கம்பி நீட்டிட்டான்’ என்றால் அதே ‘கு’ போய்ச் சேர்ந்த ஊரைச் சுட்டும். பழந்தமிழில் போர்க்களத்தை விட்டு ஓடுவதற்குப் ‘புறங்கொடுத்தல்’ என்று பெயர். அங்கும் ஒரு பெயரும் ‘கொடு’வும்தான், கொடுக்கப்படுவது முதுகு, அதைப் பெறுபவர் பகைவர். புறங்கொடுத்தலை எதிரில் நிற்பவரின் கண்ணால்தான் காண முடியும். டிமிக்கியும் ஏமாந்தவரின் கணக்கில்தான் வரவாகிறது. ஆகவே இந்தக் கொச்சைச் சொற்கள் இலக்கணம் கெட்டுப் பிறந்தவை அல்ல, ஒரு பழைய அச்சில் வார்க்கப்பட்டவை என்றே நான் கருதுகிறேன்.

இன்னும் நுட்பமானது ‘ஓடிப்போ’. ‘ஓடினான்’ என்பது கால்களின் வேலையை மட்டும் சொல்கிறது. ‘போ’ சேர்ந்ததும் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து விலகல் என்ற பொருள் ஏறிக்கொள்கிறது. ‘விடு’வும் சேர்ந்து ‘ஓடிப்போய்விட்டாள்’ ஆகும்போது, காரியம் முடிந்துபோயிற்று, இனி மீட்க முடியாது என்ற இழப்பும் கூடுகிறது. அதனால் பெண் வீட்டார் ‘ஓடிப்போனாள்’ என்கிறார்கள். அவள் போய்ச் சேர்ந்த ஊரில் அதே பெண் ‘ஓடிவந்தவள்’. பயணம் ஒன்று, பெண்ணும் ஒருத்தி. துணைவினை மட்டும் நிற்கும் இடத்துக்கேற்ப மாறுகிறது. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாகப் புழங்கும் தர்மபுரி மாவட்டத்தில் இதை அக்கம்பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கன்னடத்தில் ‘ஓடி ஹோகு’ அப்படியே நம் ‘ஓடிப்போ’. தெலுங்கில் தப்பியோடுவதற்குப் ‘பாரிபோ’, காதலனோடு போவதற்கு ‘லேச்சிபோ’, அதாவது எழுந்து போவது. முதல் வினை மாறினாலும் முடிவில் ‘போ’ என்னும் பொருளுள்ள வினை நிற்பது மூன்று மொழிகளிலும் மாறவில்லை.

காதலர்களே ‘வா, ஓடிப்போயிடலாம்’ என்று பேசிக்கொள்வதில்லையா, அப்போது சொல்பவர் ஓடுபவர்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதைச் சொல்லும் நேரத்தில் இருவரும் இன்னும் அந்த ஊரில்தான் நிற்கிறார்கள். விலகலை அளக்கும் கோல் அவர்கள் விட்டுச்செல்லப் போகும் மண்ணில் ஊன்றியிருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகு ‘நாங்கள் ஓடிப்போனோம்’ என்பதைவிட ‘வந்துட்டோம்’, ‘கல்யாணம் பண்ணிக்கிட்டோம்’ என்பதுதான் வாயில் இயல்பாக வரும். இன்னொரு மறுப்பு, ‘நான் எஸ்கேப் ஆயிட்டேன்’, ‘அப்பீட் ஆயிட்டேன்’ என்று தன்னைப் பற்றியே பெருமையாகச் சொல்கிறார்களே என்பது. உண்மைதான். எஸ்கேப் ஆங்கிலத்தில் தானே ஒரு வினை. தமிழுக்குள் வந்ததும் அதைப் பெயராக்கி ‘ஆகு’வைப் பூட்டித்தான் ஓட்டுகிறோம். பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி மேலே தூக்கிக் கையில் ஏந்துவதே அப்பீட். அதுவும் இங்கே ‘ஆகு’வோடுதான் வருகிறது. ‘ஆகு’ ஒருவரின் நிலை மாறியதைச் சொல்லும் வினை. அதில் விலகும் திசையும் கிடையாது, விட்டுச்செல்லப்பட்டவரும் கிடையாது. தன்மையில் கூச்சமில்லாமல் சொல்ல முடிவது அதனால்தான். இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்கிக் கட்டுகிறது.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று நான் விட்டுவிட முடியாததற்குக் காரணமும் அதே தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரிக்கு அருகில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த வன்முறைக்கு ஒரு வினைச்சொல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வயது வந்த இருவர் மணம் செய்துகொண்டதை ‘ஓடிப்போனார்கள்’ என்று அறிவிக்கும்போது, அறிவிப்பவர் தெரிந்தோ தெரியாமலோ பெண்ணைப் பெற்ற வீட்டின் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கடன் வாங்கித் தலைமறைவானவனுக்கும் களத்தில் முதுகு காட்டியவனுக்கும் பக்கத்தில் அந்தப் பெண்ணையும் நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கத்தில் நிற்பது எவ்வளவு இழிவு என்பதை இந்த வட்டாரம் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறது. தர்மபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் வினை ‘பட்டான்’. ஆநிரை மீட்கப் போய் நின்று மடிந்தவனுக்குக் கல் நட்டார்கள். புறங்கொடுத்தவனுக்குக் கல் இல்லை. களத்துக்குரிய அந்த அளவுகோலை ஒரு திருமணத்தின் மேல் வைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

வேறு சொல் நம்மிடம் இல்லாமலும் இல்லை. காதலனோடு தலைவி ஊரைக் கடந்து செல்வதைத் தொல்காப்பியம் ‘கொண்டுதலைக்கழிதல்’ என்கிறது; அகப்பாடல் மரபு ‘உடன்போக்கு’ என்கிறது. முதல் சொல்லில் தலைவன்தான் கொண்டு செல்கிறான், பெண்ணின் விருப்பம் அதில் தெரிவதில்லை. உடன்போக்கிலும் ‘போ’ இருக்கிறது, பிரிவும் இருக்கிறது. மகளைத் தேடிக் கலங்கும் தாயையும் அந்த மரபு மறைக்கவில்லை. ஆனால் முன்னால் நிற்பது ‘ஓடி’ அன்று, ‘உடன்’. துரத்துபவரை விட்டுவிட்டு, கூடவே நடந்து போகும் ஆளை அந்தச் சொல் கவனித்திருக்கிறது.