ஸ்டியரிங் கனக்கிறதே, ஏன்?

பழைய லாரி ஒன்றை ஒடுக்கமான சந்தில் திருப்பும் ஓட்டுநரைப் பார்த்திருக்கிறீர்களா? இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, இரு கைகளாலும் ஸ்டியரிங் சக்கரத்தைப் பற்றி, உடலின் பலம் முழுவதையும் செலுத்தி இழுப்பார். அந்தச் சக்கரம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நெம்புகோலின் கை நீளமானால் குறைந்த விசை போதும் என்று வகுப்பில் படித்தோம் அல்லவா? அதே விதிதான்.

ஆனால் இன்றைய காரை நின்ற இடத்திலேயே ஒற்றைக் கையால் திருப்பிவிடலாம். இந்த வேறுபாட்டை உண்டாக்குவது பவர் ஸ்டியரிங். ஓட்டுநருக்குத் துணை நிற்கும் இந்த உதவியாளன் ஒருநாள் முரண்டு பிடித்தால் என்ன செய்வது? நோயாளியிடம் மருத்துவர் கேள்விகள் கேட்பதுபோல நாமும் வண்டியிடம் சில கேள்விகள் கேட்கலாம். அதற்கு முன் அதன் உடற்கூறு தெரிய வேண்டும்.

எண்ணெய் தரும் பலம்

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை உருவாக்கி, 1926ஆம் ஆண்டில் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் 1951இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்தான் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தம் தந்தால் அது எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. எஞ்சின் ஓடும்போது பெல்ட் ஒன்று ஒரு சிறு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத்தில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அந்த எண்ணெய் பிஸ்டனை இடப்புறமோ வலப்புறமோ தள்ளுகிறது. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. இந்த எண்ணெயின் அழுத்தமோ, வண்டியை நிறுத்தித் திருப்பும்போது 80 கிலோவைக் கூடத் தொடலாம். பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். கணக்குப் போடுங்கள்: 640 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை!

எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது எண்ணெய்க்கு எப்படித் தெரியும்? ஸ்டியரிங் தண்டின் அடியில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உள்ளது. நீங்கள் சக்கரத்தைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்தச் சிறு முறுக்கே வால்வைத் திறந்து எண்ணெய்க்கு வழி காட்டுகிறது.

கேள்விகள் கேட்போம்

முதல் கேள்வி: டயரில் காற்று இருக்கிறதா? சிரிக்காதீர்கள். முன்டயர்களில் காற்றுக் குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படிந்து, திருப்பும்போது உராய்வு மிகும். பம்பைக் கழற்றுமுன் காற்றை அளந்து பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: எப்போது கனக்கிறது? எஞ்சின் மெதுவாக ஓடும்போது கனத்து, வேகத்தைக் கூட்டியதும் இலேசானால் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் குறைந்திருக்கலாம். எல்லா வேகத்திலும் கனத்தால், பட்டறையில் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிகள் மேல் நிறுத்தித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்போதும் கனத்தால் ஏதோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் கேள்வி: ஒரு பக்கம் மட்டும் கனக்கிறதா? பம்ப் இரு பக்கத்துக்கும் பொது. ஆகவே அதன்மேல் ஐயம் கொள்ள வேண்டாம். எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வையோ பிஸ்டன் சீல்களையோதான் சோதிக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: என்ன ஒலி கேட்கிறது? முழுதாகத் திருப்பும்போது ‘கிறீச்’ என்றால் பெல்ட் வழுக்குகிறது. திருப்பும்போதெல்லாம் முனகினால் எண்ணெயில் காற்றுக் கலந்திருக்கலாம். தொட்டியைத் திறந்து பார்த்தால் எண்ணெய் நுரைத்திருக்கும். எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

ஐந்தாம் கேள்வி: எண்ணெய் எங்கே போகிறது? இது மூடிய சுற்று. எண்ணெய் தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. மறுபடி மறுபடி ஊற்றி நிரப்புவது காய்ச்சலுக்கு மாத்திரை மட்டும் விழுங்குவது போன்றது. இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை விழுந்த இடம் கசிவுக்கு வழி சொல்லும். எஞ்சின் ஓடும்போது குழாயை விரலால் தடவிக் கசிவைத் தேடாதீர்கள். மயிரிழைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அது அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடக்கூடிய காயம்.

எண்ணெய் இல்லாத பவர் ஸ்டியரிங்

1988இல் ஜப்பானின் சுசூகி செர்வோ காரில் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் அறிமுகமாயிற்று. இன்றைய புதிய கார்களில் பெரும்பாலும் இதுவே. இங்கும் தண்டின் முறுக்கை ஓர் உணர்கருவி அளக்கிறது. எண்ணெய்க்குப் பதில் மோட்டார் உதவுகிறது. ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியவை பாட்டரியும் அதன் இணைப்புகளும் ஃபியூசும். ஒடுக்கமான இடத்தில் பலமுறை முன்னும் பின்னும் திருப்பினால் மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். ஆறியபின் சரியாகிவிடும். எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

உயிர் காக்கும் உண்மை

பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி மலைச்சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவோர் உண்டு. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். சாவியைக் கடைசிவரை திருப்பி வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். சில துளி பெட்ரோலுக்கு இது மிகப் பெரிய விலை.

ஓடும்போதே எஞ்சின் நின்றுவிட்டால்? பதறாதீர்கள். இன்று ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் உங்கள் கைக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு அறுபடாமல் இருக்கிறது. போனது உதவி மட்டுமே. ‘ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது’ என்று எண்ணிக் கையை எடுத்தவரே விபத்தில் சிக்குகிறார். இரு கைகளாலும் இறுகப் பற்றிப் பலமாகத் திருப்புங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து, வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்தப் பழைய லாரி ஓட்டுநர் நாளெல்லாம் செய்ததை நீங்கள் சில விநாடிகள் செய்தால் போதும்.