முள்ளு முறுக்கும் கருக்கரிவாளும்

பாகூர்ப் பக்கத்து வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் அம்மாவைப் பற்றி, கடைசிப் பக்கம் அம்மாவின் கருக்கரிவாளைப் பற்றி. ஐம்பது வருஷம் கூலிக்கு நெல் அறுத்தவர் போன தையில் இறந்துவிட்டார். அரிவாள் மட்டும் கொட்டகைக் கூரையில் செருகியபடி இருந்திருக்கிறது. "மூணாம் பிறை மாதிரி தேஞ்சிருக்குங்க. பிடி ஆடுது. கருக்கு பாதிக்கு மேல இல்ல. பட்டறையில காட்டினா, புதுசு வாங்கிக்கம்மான்றாரு. பசங்க கண்ணாடிப் பெட்டியில வச்சு மாட்டிடலாம்ன்றாங்க. எனக்கு இதால மாட்டுக்குப் புல்லு அறுக்கணும். முடியுமா?"

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் அரிவாளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஆயாவினுடையது. எங்கள் ஊர் வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றோரம். அந்த அரிவாள் என் கையில் ஒருநாளும் ஒழுங்காக அறுத்ததில்லை. வயதாகிவிட்டது, தேய்ந்துவிட்டது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். நிஜக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதிர் அறுக்கிற அரிவாளுக்கும் வேலி வெட்டுகிற அரிவாளுக்கும் என்ன வித்தியாசம் என்று பாகூர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? நான் கவனித்ததில்லை. ரம்பத்தின் பல் தகட்டின் முழுக் கனத்திலும் இருக்கும். கருக்கரிவாளில் அப்படி இல்லை. ஒரு முகத்தில் மட்டும், விளிம்பிலிருந்து உள்நோக்கி, நெருக்க நெருக்கமாகச் சாய்ந்த கோடுகள். ஆசாரி சிற்றுளியை வைத்துச் சுத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிய கோடுகள். ஆயாவின் அரிவாளில், மிச்சம் இருக்கிற இடத்தில், அங்குலத்துக்கு 14 எண்ணினேன். மறுமுகம் வழுவழுப்பாக இருக்கும்.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? இதற்கு விடை எனக்குச் சமையலறையில் கிடைத்தது. முள்ளு முறுக்கு பிழிகிற அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கம்பி முழுக்க வரி வரியாக வரும். அந்த முறுக்கை எந்த இடத்தில் ஒடித்தாலும் ஒடிந்த முகத்தில் அதே நட்சத்திரம்தான் தெரியும். முள் நுனியில் மட்டும் ஒட்டவைத்தது இல்லை, நீளம் முழுக்க ஓடுகிறது. கருக்கும் அதே மாதிரிதான். கோடு விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே ஓடுகிறது. விளிம்பு தேய்கிறது. வழுவழு முகத்தை மட்டும் கல்லில் தேய்த்துத் தீட்டினால், புதிய விளிம்பு அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டும் இடத்தில் புதிய பல் தானாக நிற்கும். ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுக் கூராக்க வேண்டியதில்லை. தேயத் தேயப் பல் முளைக்கிற கருவி இது. முயலுக்கும் எலிக்கும் இருக்கிற வசதி!

இதைத் தெரியாமல் இரண்டு பக்கமும் தீட்டுபவர்கள் இருக்கிறார்கள். கோடு இருக்கிற முகத்தைக் கல்லில் வைத்தால், பத்து வருஷம் வரவேண்டிய கருக்கு பத்து நிமிஷத்தில் போய்விடும்.

கோடுகள் சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பற்கள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பழைய துணி ஒன்றை விளிம்பில் வைத்து (விரலை வேண்டாம்) நுனியிலிருந்து பிடிக்கு இழுத்தால் வழுக்கும், பிடியிலிருந்து நுனிக்கு இழுத்தால் மாட்டும். அறுப்பவர் தன்னை நோக்கி இழுக்கும்போது தாள் வந்து மாட்டுவது அந்த எதிர்த்திசையில்தான். நெல் இலையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், அங்கேயும் இதே ஏற்பாடு. அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் ஒன்றும் இல்லை, நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் கையைக் கீறும். இலை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. ஒருவகையில் பல்லுக்குப் பல்.

அந்தக் கொக்கிகள் சிலிக்காவால் உறுதிப்பட்டவை. மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளோ அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து அதைக் கரைத்து உறிஞ்சி, தாளிலும் இலையிலும் உமியிலும் சேர்த்துவைக்கிறது. 100 கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய 20 கிலோ சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆயா உமிக்கரியால் பல் துலக்கியதும் உமிச்சாம்பலால் செம்பு விளக்கியதும் இதை நம்பித்தான். அதே சிலிக்காதான் அரிவாளையும் விளக்குகிறது. பச்சிரும்பைவிட அது கடினம். எஃகோடு கிட்டத்தட்டச் சரிக்குச் சரி நிற்கும். மேற்காசியாவில் தோண்டியெடுத்த, 10,000 ஆண்டுக்கு முற்பட்ட கல் அரிவாள் துண்டுகளின் விளிம்பில் ஒரு பளபளப்பு இருக்கிறது. அதை வைத்துத்தான் அவை புல்லும் கதிரும் அறுத்தவை என்று தொல்லியலாளர்கள் கண்டுகொள்கிறார்கள். வாசகியின் அம்மாவுடைய அரிவாள் பிறையானதும் துருவால் இல்லை. ஐம்பது வருஷத்து நெல் அதைத் தின்றிருக்கிறது.

இனி பழுதுபார்க்கும் விஷயம். முதலில் பிடி. ஆடுகிற பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் ஊர் வழக்கம். மண்வெட்டிக்கும் இதைத்தான் செய்கிறோம். ராத்திரி தொட்டியில் போட்டால் காலையில் கல் மாதிரி இறுகியிருக்கும். மரம் ஊறி உப்புகிறது, ஆனால் இரும்பு விட்டுக்கொடுக்காது. போக இடமில்லாமல் மரத்தின் நார்கள் தங்களையே நசுக்கிக்கொள்கின்றன. காய்ந்ததும் மரம் சுருங்குகிறது, இந்த முறை முன்னிருந்ததைவிடச் சின்னதாக. அடுத்த ராத்திரியும் ஊறப்போடுகிறோம். கடனை அடைக்க வட்டிக்கு வாங்குகிற கதைதான். பிடியை மாற்றிவிடுவது நல்லது. நன்றாகக் காய்ந்த வேலங்கட்டை போதும். பிடிக்குள் போகும் முனையைச் சிவக்கக் காய்ச்சிக் கட்டையில் இறக்கினால், அது தன் இடத்தைத் தானே சுட்டு உண்டாக்கிக்கொள்ளும். அந்த நேரம் அலகின்மேல் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும், சூடு அலகுக்குப் போய்விடக் கூடாது. வாய்க்கு ஒரு பூண் போட்டால் பிளக்காது.

அடுத்து இரும்பு. பழைய அரிவாள்கள் சிலவற்றில் உடம்பு பச்சிரும்பாகவும் விளிம்பு மட்டும் எஃகாகவும் இருக்கும். எஃகு விலை அதிகம், அதனால் வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து அடிப்பார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த எஃகு முழுக்கப் போயிருந்தால் மிச்சம் இருப்பது பச்சிரும்பு. அதை என்ன காய்ச்சி என்ன தோய்த்தாலும் விறைக்காது, கரி அம்சம் போதாது. எஃகு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, சாணைச் சக்கரத்தில் ஒரு கணம் தொடவிட்டுப் பொறியைக் கவனிப்பது. பச்சிரும்பின் பொறி நீளமாக, கிளைக்காமல் ஓடும். எஃகின் பொறி கம்பி மத்தாப்பு மாதிரி நுனியில் பூப்பூவாய் வெடிக்கும். எஃகு போயிருந்தாலும் வழி உண்டு. வெண்காரம் தூவி, காய்ச்சி, புது எஃகுக் கீற்றை ஒட்ட அடிக்கலாம். இந்த வேலை தெரிந்த கை இப்போது அபூர்வம். பெரும்பாலான பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிப் புது அரிவாளே அடித்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு.

எஃகு மிச்சமிருந்தால் மறுபடி கருக்கு வெட்டலாம். விறைத்த எஃகில் உளி இறங்காது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெள்ள ஆறவிட்டால் இளகும். கோடு வெட்டியபின் மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் விறைக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி விறைக்கும், கீழே போட்டால் நொறுங்கும். அதனால் மூன்றாவது முறையும் சூடு, இப்போது இளஞ்சூடு. 220 டிகிரியில் தேய்த்த இரும்பின்மேல் வைக்கோல் நிறம் படரும், 260 வாக்கில் பழுப்பு, 300 நெருங்கினால் நீலம். மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறுகிறது. மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் காட்டும் வண்ணங்களின் சங்கதிதான். ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது, இந்த நிறங்கள்தான் அவருடைய அளவுகோல். உலைக்களம் ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். வறுமையால் விளக்குப் போடவில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பைச் சரியாக எடைபோட முடியாது என்பதுதான் விஷயம்.

இந்த நிறங்களைச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கையால் பிடிக்கிற கிரைண்டர் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நல்ல அரிவாளை அதில் கொடுத்து, தீப்பொறி பறக்க, அரை நிமிஷத்தில் கூராக்கித் தருகிறார்கள். விளிம்பில் நீலம் ஓடியிருக்கிறதா பாருங்கள். ஓடியிருந்தால் தோய்ச்சல் போய்விட்டது. இரண்டு நாளில் மழுங்கும், மறுபடி கிரைண்டர், மறுபடி நீலம். பழைய சாணைக்கல் மெதுவாகச் சுற்றும், நடுநடுவே தண்ணீர் தெளிப்பார்கள். அதற்கான குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துக் கல்லாக்கினார்கள். வைரத்துக்கு அடுத்த கடினக் கல் அது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்லும் பெயரே நம் குருந்தம்தான்.

ஆயுத பூஜையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வருஷத்துக்கு ஒருநாள் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, ஈரத்தோடு அப்படியே பரணில் போடுகிறோம். துருவுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. மறுநாள் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் தடவினால் சரஸ்வதி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நம்முடைய எஃகுப் பெருமை வேறு இருக்கிறது. கொடுமணல் அகழாய்வு என்போம். 1819-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இந்திய எஃகைப் பகுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார் என்போம். (அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். அந்த எஃகின் சிறப்புக்கு அவர் கண்ட காரணம் தவறு என்பது வேறு விஷயம்.) 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலக்கணிப்பு கி.மு. 3345 என்று அறிவித்தபோது எங்கள் தெருவில்கூட அதைப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் அந்த வருஷம் ஒரு மண்வெட்டியைக்கூடப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. அறுவடை வண்டி வந்தபிறகு வயலில் அரிவாளுக்கு வேலை குறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. குனிந்து அறுத்த முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டி திரும்ப முடியாத வயல் மூலையும், மழையில் சாய்ந்து சேற்றில் கிடக்கும் கதிரும் இன்னும் அரிவாளுக்குத்தான் காத்திருக்கின்றன. அன்றைக்கு ஆசாரியைத் தேடினால் பட்டறை பூட்டியிருக்கிறது.

சரி, ஆயாவின் அரிவாள். இரண்டு வருஷம் முன்பு அதைக் கருக்கு வெட்டக் கொண்டுபோனேன். ஆசாரி வாங்கினார், அலகைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். "உங்க ஆயா பீச்சாங்கையா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆயா சோறு உண்டது வலக்கையால்தான், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆசாரி விளக்கினார். கருக்கரிவாளை வெறும் உருவமாகப் பார்த்தால் இடக்கை வலக்கை வித்தியாசம் தெரியாது, வளைவு ஒன்றுதான். கருக்கு எந்த முகத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலக்கைக்காரர் அரிவாளை இடக்கையில் பிடித்தால் முகங்கள் மேல் கீழாக மாறிவிடும். அதனால் பீச்சாங்கைக்காரர் வந்து கேட்டால் மறுமுகத்தில் வெட்டிக் கொடுப்பார்களாம். "இது கேட்டு வாங்கினது. எங்க அப்பா வெட்டினதா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். அறுப்பில் ஆயா எப்போதும் வரிசையின் கடைசி ஆளாகத்தான் நிற்பாளாம். மற்ற பெண்களோடு ஏதோ மனத்தாங்கல் என்று அம்மா இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வலக்கைக்காரிகளுக்கு நடுவில் ஒரு இடக்கைக்காரி நின்றால் முழங்கை முழங்கையில் இடிக்கும், அரிவாள் அரிவாளில் இடிக்கும். ஓரத்தில்தான் நிற்க முடியும்.

"கருக்க மாத்தி வெட்டட்டுமா? உங்க கைக்குத் தோதா இருக்கும்" என்று ஆசாரி கேட்டிருந்தார். அந்தப் பக்கமே வெட்டச் சொல்லிவிட்டேன். ஆகவே கண்ணாடிப் பெட்டியைக் கேலி செய்கிற தகுதி எனக்குப் பெரிதாக இல்லை. இப்போதும் வேலியோரப் புல்லில் அதை வைத்து இழுக்கிறேன், நாலில் ஒரு பிடி நழுவுகிறது.

பாகூர் அம்மா, பட்டறைக்குப் போகும்முன் உங்கள் அம்மாவின் அரிவாளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிடியை மாற்றுவதற்கு முன்னால் பழைய பிடியையும் பாருங்கள், கட்டைவிரல் தேய்த்த குழி எந்தப் பக்கம் என்று. ஆசாரி கரிக்குத் தனியாகக் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். நவரை அறுப்பு தொடங்கிவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது, இருக்கிற ஓரிரு பட்டறைக்கும் அன்றைக்குத்தான் கூட்டம்.