படத்தின் கீழே ஒரு பெயர்

நாளிதழைப் பிரித்தவுடன் நம் கண்கள் முதலில் படியும் இடம் எது? செய்தியைவிட அதனருகிலுள்ள படத்தையே நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்க்கிறோம். படத்தின் கீழே எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயருக்குரியவர் யார், எங்கே எவ்வளவு நேரம் காத்து நின்றார், இன்றும் அவருக்கு அந்த வேலை இருக்கிறதா என்பதையெல்லாம், வாசகப் பெருமக்களே, நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

உருவப்படங்கள் குறித்து நம் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த வாதத்தினுள் நான் இங்கே புகவில்லை. ஒரு கூட்டத்தாரின் கைத்தொழிலும் கண்ணியமும் ஒரே நாளில் என்ன ஆயின என்பதே நாம் பேசவிருப்பது.

2013ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து வெளிவரும் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளேடு தன் புகைப்படப் பிரிவினரைக் கூட்டமொன்றுக்கு அழைத்தது. கூட்டம் நீளவில்லை. முழுநேரப் பணியாளர் 28 பேரும் நீக்கப்பட்டனர், பிரிவே கலைக்கப்பட்டது. வாசகர்கள் காணொளிகளையே மேலும் மேலும் விரும்புகின்றனர் என்று நிர்வாகம் காரணம் கூறியது. இனிச் செய்தியாளர்களே ஐபோனில் படமெடுப்பார்கள், அதற்குப் பயிற்சி தரப்படும் என்றும், தேவைப்படும்போது வெளியாட்களிடம் படம் பெற்றுக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடாயிற்று.

இது ஓர் ஏட்டின் கதை மட்டுமன்று. அமெரிக்க நாளேடுகளில் பணியாற்றிய புகைப்படக்காரர், ஓவியர், ஒளிப்பதிவாளர் ஆகியோரின் தொகை 2000இல் 6,171 ஆக இருந்தது. 2012இல் 3,493 ஆகிவிட்டது. நூற்றுக்கு 43 பேர் குறைந்துவிட்டனர். விளம்பர வருவாய் இணையத்தின் பக்கம் போனபோது செய்தியாளர்களும் வேலை இழந்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் படக்காரர்கள்மீதுதான் கத்தி ஆழமாக இறங்கியது.

அந்த 28 பேரில் ஒருவர் ஜான் எச். வைட். 1945இல் வட கரோலினாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் மந்தமாக இருந்த அச்சிறுவனை, நீ குப்பை வண்டியில்தான் வேலை பார்ப்பாய் என்று ஓர் ஆசிரியர் இகழ்ந்தாராம். (பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எங்களைப் போன்றோர் நாவைக் காத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.) தந்தையோ, குப்பை வண்டியேயானாலும் அதை ஓட்டுபவனாக இரு என்று தேற்றினார். பதின்மூன்று வயதில், ஐம்பது சென்ட் காசும் பபிள்கம் உறைகள் பத்தும் கொடுத்துத் தம் முதல் கேமராவை அவர் பெற்றார். அவர்களுடைய தேவாலயம் தீக்கிரையானபோது, அதைப் படமெடுக்கும்படி தந்தை பணித்தார். அதுவே அவருக்குக் கிடைத்த முதற்பணி. 1978இல் சன்-டைம்ஸில் சேர்ந்தார். 1982இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

அவருடைய படங்களில் நமக்கு நெருக்கமானவையும் உண்டு. 1970களில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்காகச் சிகாகோவின் கறுப்பின மக்கள் வாழ்வை அவர் பதிவு செய்தார். 1974 மார்ச்சில் எலிஜா முஹம்மது உரையாற்றிய ஆண்டுக் கூட்டமும் அவற்றுள் ஒன்று. வெண்ணிற உடையணிந்த பெண்கள் கூட்டமாக அமர்ந்து கைதட்டும் காட்சியை அங்கே காணலாம். எலிஜா முஹம்மதின் கொள்கைகள் நம் அகீதாவோடு பொருந்தாதவை. 1975இல் அவர் மறைந்தபின், அவர் மகன் வாரிதுத்தீன் முஹம்மதுதான் அம்மக்களில் பெரும்பாலோரை நேரான இஸ்லாமிய நெறிக்கு அழைத்து வந்தார். அந்த மாற்றத்திற்குச் சற்று முன்பு அச்சமுதாயம் இருந்த நிலையை அறிய விரும்புவோருக்கு, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அப்படங்கள் இன்றும் சான்றாக இருக்கின்றன.

கைப்பேசியிலும் படம் வருகிறதே, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். செய்தியாளர் நிகழ்ச்சிக்குத் தாமதமாகச் சென்றாலும் நாலு பேரிடம் விசாரித்து எழுதிவிடலாம். படக்காரர் அந்தக் கணத்தில் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும். விசாரித்துப் படமெடுக்க முடியாது. ஒரு கையில் குறிப்பேடும் மறு கையில் கைப்பேசியுமாக நிற்பவர், எதிரே உள்ளவரின் பேச்சைக் கவனிப்பாரா, முகத்தைக் கவனிப்பாரா? மைதானத்தின் மறுகோடியில் ஓடும் வீரனின் முகத்தை நீண்ட லென்ஸ் பிடித்துத் தருவதைப்போல் கைப்பேசியின் சிறு கண்ணாடி தந்துவிடாது.

நம்மவர்க்கும் இத்துயரம் புதிதன்று. உருது ஏடுகளைக் கையால் எழுதிய காத்திபுகளை நினைத்துப் பாருங்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முசல்மான்’ நாளேடு, கணினி வந்த பின்னரும் நெடுங்காலம் அவர்களுடைய கையெழுத்திலேயே வெளிவந்தது. மற்ற உருது ஏடுகள் 1980களிலிருந்து ஒவ்வொன்றாகக் கணினி எழுத்துக்கு மாறின. ஆண்டுக்கணக்காக நாணல் பேனா பிடித்துப் பழகிய விரல்களுக்கு அங்கே வேலை இல்லாமற்போயிற்று.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்வது நம் மார்க்கம். கூலியைக் கணக்குத் தீர்த்தாலும் தீராத பாக்கி ஒன்று இதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 35 ஆண்டுகள் ஒருவர் ‘சன்-டைம்ஸ் படக்காரர்’ என்றே அழைக்கப்பட்டிருக்கிறார். பத்திரிகையாளர் அடையாள அட்டையைக் காட்டினால் காவலர் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே போகலாம். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நிற்க வேண்டும். கண் அதே கண்தான், கை அதே கைதான். ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு நிக்காஹ் விருந்தில் கேட்கப்படும்போது, வேலை போன நம் வீட்டுப் பிள்ளை தலைகுனிவதும் இதனால்தான் அல்லவா? அவனுக்குத் தெரிந்த தொழிலை யாரும் பறித்துவிடவில்லை. நாம்தான் அவன் இருந்த நாற்காலியை மட்டும் விசாரிக்கிறோம்.

நீக்கப்பட்ட சிகாகோ படக்காரர்களுள் ஒருவர், வேலையற்ற தம் நாட்களை ஐபோனிலேயே படமெடுத்து இணையத்தில் வெளியிட்டு வந்தார். எந்தக் கருவியைக் காட்டி அவர் வேண்டாம் எனப்பட்டாரோ, அதே கருவி! தொழிற்சங்கமும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், புகைப்படக்காரர் நால்வரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ள நிர்வாகம் இசைந்தது. படக்காரர்களே தேவையில்லை என்று அவர்களை அனுப்பி ஏழு மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை.