போர்வைக்கு விற்ற காடு

தறியில் அமர்ந்து நெய்யும் நம் சங்க அங்கத்தினர்களுக்குச் சுவை தரக்கூடிய பழங்கதை ஒன்று ஸ்காட்லாந்து தேசத்தில் வழங்கி வருகிறது. அந்நாட்டின் வடபகுதி ஹைலண்ட்ஸ் எனப்படும் மலைநாடு. அங்கே டீ என்னும் ஆற்றின் கரையில் பாலக்பூயி என்றொரு பைன் மரக்காடு இருக்கிறது. அதற்கு உரியவராயிருந்த மக்ரிகர் குலத்தலைவர் ஒருவர், கட்டம்போட்ட கம்பளிப் போர்வை ஒன்றை விலையாகப் பெற்றுக்கொண்டு, காடு முழுவதையும் அண்டையிலிருந்த ஃபார்க்கர்சன் குலத்தாருக்குக் கொடுத்துவிட்டாராம். கதை மெய்யோ பொய்யோ, நெய்தவன் கைத்திறனுக்கு இதனினும் உயர்ந்த விலை கொடுக்கப்பட்டதாக நாம் கேட்டதில்லை.

பின்னர் நடந்தது வரலாறு. பால்மோரல் மாளிகையையும் அதன் நிலத்தையும் 1852-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் இளவரசர் வாங்கினார். விக்டோரியா மகாராணியார் லண்டன் சந்தடியினின்று ஒதுங்கி ஓய்வு கொள்ளும் இடமாக அது அமைந்தது. அதனை அடுத்திருந்த பாலக்பூயி காடு கோடரிக்கு இரையாகும் நிலை வந்தபோது, 1878-இல் மகாராணியாரே அதை விலைக்கு வாங்கிக் காத்தார். அதன் நினைவாக எழுப்பிய கற்குவியலில், ஸ்காட்லாந்திலேயே மிக அழகிய போர்வை இக்காடுதான் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதிப் பைன் காடுகளாக அந்நாட்டு அரசாங்கப் பட்டியலில் இன்று எஞ்சி நிற்பவை 84 இடங்களே. அவற்றுள் பாலக்பூயியும் ஒன்று.

மகாராணிக்கு இருந்த ஆசை இன்று சாமானியருக்கும் வந்திருக்கிறது. நகரத்தில் உழைத்துச் சிறிது பணம் சேர்த்தோர், மலைநாட்டில் சில ஏக்கர் காடு வாங்கி, விடுமுறை நாட்களில் அங்கே அமைதியாய் இருக்க விரும்புகின்றனர். பெரிய காடுகளைச் சிறு துண்டுகளாக்கி விற்கும் வியாபாரமும் நடைபெறுகிறது. நம் அங்கத்தினர் எவரும் ஸ்காட்லாந்தில் காடு வாங்கப் போவதில்லை. ஆயினும், நிலம் வாங்குவோர் விலை கொடுத்துப் பெறுவது எது, பெறாதது எது என்னும் கேள்வி எல்லோருக்கும் உரியது. அதனை ஆராய்வோம்.

பத்திரத்தில் உள்ளதும் இல்லாததும்

அந்நாட்டில் நிலக் கிரயப் பதிவு மிகப் பழமையானது. 1617-ஆம் ஆண்டிலேயே பொதுப் பதிவேடு ஏற்பட்டது. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட, வரைபடத்துடன் கூடிய நிலப் பதிவேடு அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. நிலம் விற்பவர் குறைந்தபட்ச விலையை அறிவிப்பார். வாங்க விரும்புவோர் வக்கீல் மூலம் குறித்த நாளுக்குள் தத்தம் விலையை எழுதி அனுப்புவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ஆகையால் ஆசை மிகுந்தவர் அவசியத்துக்கு மேல் விலை எழுதிவிடுவதும் உண்டு.

வில்லங்கம் பார்ப்பதில் அங்கும் கவனம் தேவை. நிலம் ஒருவருக்கும், அதன் அடியிலுள்ள கனிப்பொருள் வேறொருவருக்கும், காட்டின் ஓரமாய் ஓடும் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கும் பாத்தியதை மூன்றாமவருக்கும் உரியதாக இருக்கலாம். பெருவழியிலிருந்து காட்டுக்குச் செல்லும் வண்டிப்பாதை அயலார் நிலத்தின் வழியே சென்றால், அப்பாதையில் போக உரிமை உண்டா என்பதையும் எழுத்தில் காண வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் பிரபுப் பட்டம் சூட்டிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்வோர் இருக்கின்றனர். பயன் ஏதுமின்றி, நினைவுக்காக மட்டும் வாங்கப்படும் இத்தகைய துண்டு நிலங்களைப் பதிவேட்டில் ஏற்கலாகாது என 2012-ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. பணம் கொடுத்தவர் கையில் எஞ்சுவது அழகாக அச்சிட்ட ஒரு காகிதமே.

தனிமை கிடைக்குமா?

பத்திரம் பழுதின்றி முடிந்தது என்றே கொள்வோம். தனிமை வேண்டித்தானே காடு வாங்கினார்? அந்தத் தனிமை முழுமையாக அவர் கைக்கு வருவதில்லை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பிறர் நிலமாயினும் பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் அதில் நடக்கலாம், சைக்கிளில் செல்லலாம், கூடாரம் அடித்து இரவு தங்கவும் செய்யலாம். இவ்வுரிமை 2005 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டைச் சுற்றிலும் குடியிருப்போரின் அமைதிக்கு அவசியமான அளவு இடமே விலக்கு. காட்டு வாயிலைப் பூட்டுவதும், உள்ளே வராதே என்று பலகை நாட்டி நடப்போரைத் தடுக்க முயல்வதும் சட்டத்துக்கு மாறானவை.

காட்டில் வீடு கட்டுவதும் எளிதன்று. காடு வாங்கிய மாத்திரத்தில் குடியிருக்கும் உரிமை வந்துவிடாது. அதற்குத் தனியே திட்ட அனுமதி பெற வேண்டும். அவ்வப்போது வந்து தங்கும் சிறு குடில் எத்தகையது என்பதை அரசாங்கத்தின் 2014-ஆம் ஆண்டுத் திட்டக் கொள்கை வரையறுத்தது. உட்பரப்பு 30 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது. நிரந்தர வாசத்துக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. ஆயுள் முடிந்ததும் சுவடு தெரியாமல் அகற்றக்கூடியதாய் இருக்க வேண்டும். இத்தகைய குடிலுக்கும் அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

மரமும் மானும் காற்றும்

காடு என்பது பூட்டிவைக்கும் பெட்டகம் அன்று. மலைநாட்டில் செம்மான்கள் மிகுதி. பைன், பிர்ச் கன்றுகள் முளைத்ததும் அவை மேய்ந்துவிடுகின்றன. மானைக் கட்டுப்படுத்தாத காட்டில் கிழமரங்கள் நிற்கும், இளமரங்கள் இரா. உயர்ந்த கம்பிவேலி போட்டால் கன்றுகள் பிழைக்கும். ஆனால் கேப்பர்கேய்லி எனப்படும் அரிய காட்டுக்கோழி பறக்கையில் அவ்வேலியில் மோதி மாய்கிறது. ஆகவே வேலியா, வேட்டையா என்பதை உரியவர் முடிவு செய்தாக வேண்டும். அமைதி நாடி வந்தவருக்கு இது அமைதியான வேலையன்று.

மரம் வெட்டுவதற்கும் வரம்புண்டு. 2019 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, மூன்று மாதத்துக்கு 5 கன மீட்டர் வரைதான் பொதுவாக அனுமதியின்றி வெட்டலாம். ஆதிப் பைன் காடுகளுக்கு அச்சலுகையும் இல்லை. காற்றோ எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஈரமான கரிச்சேற்று நிலத்தில் வரிசையாய் நட்ட ஸ்ப்ரூஸ் மரங்களின் வேர் ஆழப் பாய்வதில்லை. 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலில் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதிகளில் பெருந்தொகையான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அகற்றுவதும், பாதையோரத்து மரம் பிறர்மேல் விழாமற் காப்பதும் உரியவர் கடமை.

ஊரார் வாங்கிய காடு

இவ்வளவும் வாங்குபவர் பக்கத்துச் செய்தி. ஊரார் பக்கமும் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஆட்டுப் பண்ணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடியானவர் இம்மலைநாட்டிலிருந்து அகற்றப்பட்டனர். பிறகு அதே நிலங்களிற் பல, செல்வர்களின் மான் வேட்டைக்காக ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு மான் காடு என்று பெயர். அவற்றிற் பெரும்பாலானவற்றில் மரமே கிடையாது! 2013-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்றுக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கையின்படி, ஸ்காட்லாந்தின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி 432 உரிமையாளர் கையில் இருந்தது. தொலைவிலுள்ள ஒருவரின் ஓய்வுக்காக நிலம் ஒதுக்கப்படும்போது, அங்கேயே பிறந்தவருக்கு வீட்டுமனை கிடைப்பதில்லை, வேலையும் கிடைப்பதில்லை என்ற வருத்தம் அந்நாட்டில் ஆழமானது.

அதற்கு மாற்றாக எழுந்த முயற்சிகளுள் ஒன்று ஏப்ரியாகன். லாக் நெஸ் ஏரிக்கு மேலேயுள்ள சிற்றூர் அது. பக்கத்திலிருந்த அரசாங்கக் காட்டின் 540 ஹெக்டேரை ஊரார் ஓர் அறக்கட்டளையாக அமைந்து 1998-ஆம் ஆண்டில் வாங்கினர். நடைபாதை அமைத்தனர். சொந்த மண்ணின் மரவகைகளை நட்டனர். பிள்ளைகளுக்குக் காட்டிலேயே பாடம் நடத்துகின்றனர். முன்பதிவு செய்துகொண்ட ஊர்ச் சமுதாயத்துக்கு, நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது. தனியாய்க் காடு வாங்க விரும்புபவர் இப்பதிவையும் பார்த்தே ஆக வேண்டும்.

கார்பெத் குடில்கள்

அப்படியாயின், ஒதுங்கி இளைப்பாற விரும்பும் ஏழைத் தொழிலாளிக்கு வழி என்ன? இதற்கு விடை மலைநாட்டுக்கு இப்பால், கிளாஸ்கோ நகருக்கு வடக்கே கார்பெத் என்னுமிடத்தில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின், நிலவுடைமையாளரின் இசைவுடன் நகரத் தொழிலாளர் அங்கே கூடாரமிட்டனர். நாளடைவில் மரக்குடில்கள் எழுந்தன. 1941 மார்ச்சில் கிளைட்பேங்க் நகரில் குண்டுமாரி பெய்தபோது, வீடிழந்த குடும்பங்களுக்கு அக்குடில்கள் புகலிடமாயின. 1990-களில் வாடகை உயர்வினால் தகராறு மூண்டது. குடில்காரர் வாடகை தர மறுத்தனர். சிலர் வெளியேற்றப்பட்டனர். குடில் தமதாயினும் அடிமண் தமதன்று என்பதே அவர்களுடைய துன்பத்தின் வேர்.

பல்லாண்டு போராட்டத்துக்குப் பின் அவர்கள் தாமே ஒரு சமுதாய நிறுவனம் அமைத்து, 2013-ஆம் ஆண்டில் 17.5 லட்சம் பவுன் கொடுத்து அந்நிலத்தை வாங்கினர். ஏறத்தாழ 140 குடில்கள் அங்குள்ளன. குடில் அவரவருடையது, மண் எல்லோருக்கும் பொது. இந்த ஏற்பாடு நெசவாளர் சங்க அங்கத்தினருக்குப் புதியதாய்த் தோன்றாது. தறி அவரவர் வீட்டில், நூல் கொள்முதலும் சரக்கு விற்பனையும் சங்கத்தில் என்று நாம் நடத்துவதும் இதுவே.

பொதுவுடைமை சுகமானது என்று சொல்ல நாம் வரவில்லை. கூட்டம் கூட்ட வேண்டும். சந்தா பாக்கியை வசூலிக்க வேண்டும். எந்த மரத்தை வெட்டுவது என்பதிலும் பிணக்கு வரும். சங்கங்களின் கணக்கைப் பார்க்கும் நமக்கு இது நன்றாகவே தெரியும். ஆயினும் தனியாகக் காடு வாங்கியவருக்கும் வேலியும் மானும் புயலும் உண்டு. அவற்றை அவர் ஒருவரே சுமக்க வேண்டும். பலர் சேர்ந்து வாங்கிய இடத்தில் சுமை பங்காகிறது, மரநிழலோ பங்கிட்டாலும் குறைவதில்லை.

ஆகவே, அங்கத்தினர் எவரேனும் ஓய்வுக்கென்று எங்கேனும் ஒரு துண்டு நிலம் வாங்க எண்ணினால், மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வாராக. அந்நிலத்துக்கு வழி உண்டா? அதனைப் பேணும் செலவும் உழைப்பும் ஆண்டுதோறும் யாருடையவை? அதனை இதுகாறும் நம்பி வாழ்ந்த அக்கம்பக்கத்தார் யார், அவர்களுக்கு அதில் இனி என்ன இடம்? இம்மூன்றுக்கும் தனியே விடை சொல்ல இயலாதவர், வாங்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டுவதில்லை. ஒத்த கருத்துடைய பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பொறுப்புகளை எழுத்தில் வகுத்து, பிறகு விலை பேசுவது உத்தமம்.