பாதாம் பழங்கள்

சகோதரிகளே, மார்சிபான் தெரியுமா? தோல் நீக்கிய பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைவது. நம்ம முந்திரி கேக்குக்குச் சொந்தக்காரின்னு வச்சுக்கோங்க. இத்தாலியின் சிசிலித் தீவில் இதை ஆரஞ்சு, அத்தி, பேரிக்காய் போல உருட்டி வண்ணம் தீட்டுவாங்க. நிஜப் பழம்னு ஏமாந்துடுவோம்!

அங்கே எரிச்சே என்ற மலையூரில், 1950-களின் தொடக்கத்தில், அப்பாவை இழந்த சிறுமி மரியா கிரம்மாத்திகோ கன்னியர் மடத்து இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பாதாம் உடைப்பதும் அரைப்பதும் வேலை. மடத்தின் சுழல்பெட்டியில் காசு வைத்தால் இனிப்பு வரும். செய்தவர் முகம் தெரியாது. பக்குவத்தை யாரும் சொல்லித் தரலை, பார்த்தே பழகினார். பிறகு வெளியே வந்து அதே ஊரில் தன் பெயரிலேயே கடை போட்டார்.

வாங்கும்போது பாதாம்தானா என்று பாருங்க. மலிவுச் சரக்கில் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு இருக்கும். சீக்கிரம் திகட்டும், சின்னத் துண்டு போதும். கூடவே சர்க்கரை போடாத காபி.